புஜைராவில் ஒரு ‘வந்து’

பாளையங்கோட்டையைச் சுற்றி எந்தக் கோயில் கொடை என்றாலும், எந்தப் பள்ளி ஆண்டு விழா என்றாலும், பட்டிமன்றம் வைத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சமையலில் கெட்டி ஆணா பெண்ணா, நிம்மதி கூட்டுக் குடும்பத்திலா தனிக் குடித்தனத்திலா, எதைக் கொடுத்தாலும் இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பேன். கடைசியில் இரண்டு கட்சிக்கும் நோகாமல் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒருவரையும் நான் தோற்கடித்ததில்லை. அதனால்தான் எனக்கு ஊரில் எதிரி கிடையாது.

எனவே துபாய்க்குக் கிழக்கே, புஜைராவிலிருந்து ஸ்டான்லி என்பவர் போன் செய்து, “சார், நீங்கதான் நடுவரா வரணும்” என்றபோது, தலைப்பைக் கூடக் கேட்காமல் சரி என்றேன். ஸ்டான்லி தூத்துக்குடிக்காரர். புஜைரா துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் டெக்னீஷியன் வேலை. பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் சொன்ன நடுவர் வேறு, நான் நினைத்த நடுவர் வேறு. அது பட்டிமன்றமே இல்லை, பேச்சுப் போட்டி. வளைகுடா நாடுகளில் நம்மவர்கள் ஊருக்கு ஊர் பேச்சு மன்றம் வைத்திருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில், நாலு பேர் முன்னால் நிற்கக் கால் நடுங்குகிறவர்களுக்காக ஓர் அமெரிக்கர் தொடங்கிவைத்த முறை அது என்றார் ஸ்டான்லி. அந்த மரியாதைக்காக இந்த வருஷத் தலைப்பே, ‘அவர் காலத்து அமெரிக்கர்களில் உலகை மாற்றியவர் யார்?’ என்பதுதான். ஆளுக்கு ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். நான் மதிப்பெண் போட வேண்டும்.

“சார், ஒருத்தர்தான் ஜெயிக்கணும்” என்று அப்போதே சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துபாய் விமான நிலையத்தில் என்னை வரவேற்க பாகிஸ்தான்காரரான ஒரு பட்டாணிய டிரைவர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். ‘நடுவர்’ என்று தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர் அவசரத்தில் ‘நடிகர்’ என்று எழுதிவிட்டார். அட்டையைச் சுற்றி நம்மூர் ஆட்கள் பத்துப் பேர் போனைத் தயாராக வைத்துக்கொண்டு கூடி நின்றார்கள். நான் வழுக்கைத் தலையும் கைப்பையுமாகப் போய் “நான்தான்” என்றதும், ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சீரியல்ல வர்றவரா இருக்கும்” என்றார். கூட்டம் கலைந்தது. ஒருவர் மட்டும் பெருந்தன்மையாக என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

அதே வண்டியில் இன்னொருவரும் வந்தார். குவைத்தின் ஃபஹாஹீலிலிருந்து வந்திருந்த நர்ஸ். பெயர் ஜெனோவா, முப்பத்தைந்து வயது இருக்கும், குளச்சல் பக்கத்துக் கடற்கரை. அட்டையைப் பார்த்து என்னை நடிகர் என்றே முடிவுகட்டிவிட்டார். “நாளைக்குச் சாயங்காலம் நாடகம் உண்டும்னு சொன்னாவ. அதுக்கா வந்தியோ அண்ணே?” என்று கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. என் மூஞ்சிக்கு அந்தப் பட்டம் இனி எப்போது கிடைக்கும்?

“ஆமா, வந்து, ஒரு சின்ன வேஷம்தான்” என்றேன்.

அவர் டக்கென்று திரும்பினார். “அண்ணே, ஒங்களுக்கும் அந்தச் சீக்கு இருக்கா?”

“என்ன சீக்கு?”

“‘வந்து’ அண்ணே. ‘வந்து’ சொல்லுகியோல்லா. மேடையில அதைச் சொன்னா மணி அடிச்சுருவாவ. ஒரு மணிக்கு ஒரு மார்க்கு போச்சு.”

வண்டி ஓட ஓட எல்லாவற்றையும் சொன்னார். பேச்சாளர் திணறும்போது வாயில் வருகிற ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலி’ எல்லாவற்றையும் எண்ணுவதற்கென்றே மன்றத்தில் ஓர் ஆள் உண்டு. கையில் ஓட்டல் வரவேற்பு மேஜையில் இருக்குமே, அந்தத் தட்டுமணி. ஜெனோவாவுக்கு மற்றதெல்லாம் வராது. ‘வந்து’ மட்டும் மூச்சு மாதிரி வரும். இரண்டு முறை இறுதிப் போட்டிவரை போய், இரண்டு முறையும் ‘வந்து’வால் தோற்றிருக்கிறார். ஃபஹாஹீலில் அவருக்குப் பெயரே ‘வந்து ஜெனோவா’ ஆகிவிட்டது. வார்டில் உள்ள மலையாளி நர்ஸுகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், அர்த்தம் தெரியாமலே.

“அடுத்த மாசம் அயர்லாந்துக்கு மாறுகேன். வேலை கிடைச்சாச்சு. இதுதான் கடைசிப் போட்டி. அந்தப் பேரை இங்கன உட்டுட்டுத்தான் போவேன் அண்ணே. ஜெயிச்சா போவும் அது.”

சொன்ன விதத்தில் கெஞ்சலே இல்லை. ஊசி போடுகிறவர்கள் ‘லேசா வலிக்கும்’ என்பார்களே, அந்த உறுதி.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வண்டியில் ஏசி நின்றது. துபாயைத் தாண்டி மலைப்பாதைக்குள் வந்திருந்தோம். டிரைவர் குல் கான் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், பிறகு கையை விரித்து, “ஏசி கலாஸ், சாப்” என்றார். ‘கலாஸ்’ அரபி, ‘சாப்’ இந்தி. அந்தச் சூட்டில் இரண்டுமே எனக்குத் தெளிவாகப் புரிந்தன. கண்ணாடியை இறக்கினால் இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் மலை. நம் பாபநாசம் மலையைப் பார்த்தவனுக்கு இதை மலை என்று ஒப்புக்கொள்ளவே நேரம் பிடிக்கிறது. ஒரு புல் கிடையாது, ஒரு குரங்கு கிடையாது. ஆனால் சாயங்கால வெயில் விழுந்ததும் அந்த மொட்டை மலைகள் மடிப்பு மடிப்பாக நிறம் மாறின. நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அது எனக்கு அபூர்வம்.

வழியில் மலையாளி ஒருவரின் டீக்கடையில் நிறுத்தினோம். ஏலக்காய் தூக்கலாகக் காய்ச்சிய கடக் டீ, முட்டையும் சிப்ஸும் வைத்துச் சுருட்டிய பரோட்டா. சிப்ஸை உள்ளே வைத்துப் பரோட்டாவைச் சுருட்டலாம் என்று விருதுநகர்க்காரனுக்குக்கூடத் தோன்றியதில்லை. கான் மூன்று சாப்பிட்டார். ஊரில் தன் பெண்ணுக்கு நிக்காஹ் பேசியிருப்பதாகவும், மாப்பிள்ளையும் டிரைவர்தான் என்பது ஒன்றுதான் குறை என்றும் இந்தியில் சொன்னார். ஜெனோவா அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் மலையைப் பார்த்து நின்று உதடு அசையப் பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்டான்லியின் அறையில் சாப்பாடு. நாலு கட்டில் போட்ட ரூம், கட்டிலே நாற்காலி. துறைமுகத்துப் பக்கம் சந்தையில் வாங்கிய பெரிய மீன், பாதி குழம்பு, பாதி பொரியல். நான் பார்த்ததும், “அடடே, வஞ்சிரம்!” என்றேன்.

“சீலா சார்” என்றார் ஸ்டான்லி.

“நெய்மீன்லா இது” என்றபடி ஜெனோவா உள்ளே வந்தார், கையில் ஊறுகாய் பாட்டிலோடு.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதர் மெல்லச் செருமினார். “எங்கட ஊரில உதுக்கு அறக்குளா எண்டு பேர். நீங்கள் என்னவாவது சொல்லுங்கோ. குழம்பு ஆறுது.”

அவர்தான் சிவநேசன். யாழ்ப்பாணம், இங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு வேலை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மணிக்காரர் அவர்தான் என்பதை ஸ்டான்லி சொல்லாமலே நான் ஊகித்தேன். சோற்றைப் பிசைவதில்கூட ஒரு பருக்கை வீணாகவில்லை.

ஸ்டான்லி அப்போதுதான் எல்லாருக்கும் என்னை முறையாக அறிமுகம் செய்தார். “சார்தான் நாளைக்கு நமக்குத் தலைமை நடுவர்.”

ஜெனோவாவின் கையில் இருந்த மீன் துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது. “யம்மா! நடிகர்னுலா நெனச்சேன்! சார், வண்டியில நான் சொன்னதெல்லாம்...”

“எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை” என்றேன். நடிகன் என்று நம்பும்படிதான் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஸ்டான்லியைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். “கல்ஃப் சின்ன எடம் சார். யாருக்கு யாரைத் தெரியாது? நீங்க நேர்மையா போடுங்க, போதும்.” நேர்மையாகப் போடுவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் தொடக்க விழா. அங்குள்ள தமிழர் சங்கத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பின்வரிசையில் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தை பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. “அவையோருக்கு வணக்கம். நான் வந்து...” என்றேன்.

டிங்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிவநேசன் சிரிக்கவில்லை. நான் சமாளித்து, “அதாவது...” என்றேன். டிங். “பாருங்க, இது வந்து...” டிங். இருபது வருஷமாக என் பேச்சைத் தாங்கி நிற்கிற தூண்கள் அவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக உருவினால் கூரை விழத்தானே செய்யும்? வாழ்த்திவிட்டு உட்கார்ந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர், “ஆனை அடிக்கடி சறுக்குது சார்” என்றார்.

விழா முடிந்ததும் சிவநேசன் வந்தார். “குறை நினையாதேங்கோ ஐயா. இலக்கணத்தில இதுக்கு அசைச்சொல் எண்டு பேர். பொருள் இல்லாமல் ஓசைக்காக நிக்கிற சொல். செய்யுளில நிக்கலாம். பேச்சில நிண்டால் ஆள் பயப்பிடுறான் எண்டு அர்த்தம்.”

“நான் பயப்படவில்லையே” என்றேன்.

“ஓம், நீங்கள் பழகிப்போனீங்கள்” என்றார் மரியாதையாக.

மூன்றாம் நாள் போட்டி. முதலில் பேசியவர் சவூதியின் யான்பு சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிற இளைஞர். ஓடும் பட்டையில் காரை வைத்து, தொழிலாளியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஏழையும் கார் வாங்கலாம் என்று செய்து காட்டிய முதலாளியைப் பற்றிப் பேசினார். தங்கள் கேம்ப் மெஸ்ஸில் ஒருவன் உருட்டி, ஒருவன் தேய்த்து, ஒருவன் சுட்டு, ஐந்நூறு பேருக்குச் சப்பாத்தி போடுவதும் அவர் மூளைதான் என்றார். நல்ல பேச்சு. ஆனால் ‘ஆக்சுவலி’யை விட முடியவில்லை. மணி ஓயவே இல்லை.

அடுத்து கமலா. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், அபுதாபியில் ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வேலை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு கறுப்பினப் பெண் விமானியை. அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவளுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரவில்லை. பிரெஞ்சு மொழி படித்துவிட்டு பிரான்ஸுக்குப் போய்க் கற்றுத் திரும்பியவள். “கதவ சாத்துனாங்க. அவ கதவத் தட்டிக்கிட்டு நிக்கல. வேற வீட்டுக்குப் போனா” என்றார் கமலா. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றும் சலவைத் துணி மாதிரி மடித்து வைத்தது போல இருந்தது. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவர் இறங்கியபோது, போட்டி முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு ஜெனோவா.

வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். அவசரமே இல்லை. எண்ணெய் கிடைப்பதற்கு முந்திய குவைத்திலிருந்து தொடங்கினார். ஆண்கள் முத்துக் குளிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள், குடிதண்ணீர் படகில்தான் வரும், பெண்கள் வீட்டுக்குள்ளேயே பெற்று வீட்டுக்குள்ளேயே செத்தார்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். அந்த மண் சந்துகளுக்குள் அமெரிக்காவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அரபி படித்தார். முதலில் ஒருவரும் கதவு திறக்கவில்லை. பிறகு ஒருத்தி திறந்தாள். அவள் பிழைத்தாள். அப்புறம் ஊரே தேடியது.

“அந்த அம்மா கார் செய்யல்ல. வானத்துல பறக்கல்ல. நாடு ஆளல்ல” என்றார் ஜெனோவா. “ஆனா இன்னைக்கு அங்கன ஒருத்திக்குப் பேறு வலி எடுத்தா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு தோணுதுல்லா? அந்தத் தோணல் அவங்க போட்ட விதை. அதைவிட என்னத்த மாத்தணும் ஒரு மனுஷி?”

பின்வரிசைப் பிள்ளைகளும் அடங்கிவிட்டன. நான் அதுவரை ஒரு மணிகூடக் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க நின்ன மண்ணுலதான் நானும் டூட்டி பாக்கேன்” என்றார். “நான் வந்து ஒரு நர்ஸ்.”

டிங்.

கூட்டம் ‘உச்’ கொட்டியது. ஜெனோவா நின்றார். வழக்கமாக மணி அடித்தால் பேச்சாளர்கள் தலையைக் குனிந்து தாண்டிப் போய்விடுவார்கள். இவர் சிவநேசனை நேராகப் பார்த்தார்.

“அண்ணே, அந்த மணி தப்பு.”

சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் பொறந்த எடத்துல நர்ஸ் இல்ல. இங்க வந்துதான் நர்ஸ். அவங்களும் வந்துதான் அந்த ஊருக்கு டாக்டர். இந்த மண்டபத்துல இருக்க நீங்க அத்தன பேரும் வந்துதான் எலெக்ட்ரீஷியன், வந்துதான் டிரைவர், வந்துதான் கணக்கப்பிள்ளை. எங்களுக்கு ‘வந்து’ சும்மா வாயில வாற சொல்லு இல்ல அண்ணே. அதுதான் எங்க வேலையில பாதி.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சிவநேசனின் விரல் மணிமேல் நின்றது, ஆனால் அழுத்தவில்லை. ஜெனோவா முடித்துவிட்டு இறங்கினார். முகம் முழுக்க வியர்வை, கண்ணில் வெற்றி.

நடுவர்கள் மூவரும் ஸ்டான்லியும் சிவநேசனும் பக்கத்து அறையில் கூடினோம். மற்ற இரண்டு நடுவர்களின் மதிப்பெண்ணையும் என்னுடையதையும் கூட்டியபோது நிலைமை விளங்கியது. அந்த ஒரு மணி செல்லும் என்றால் கமலா முதல். செல்லாது என்றால் ஜெனோவா முதல். தலைமை நடுவர் சொல்லட்டும் என்று மற்ற இருவரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

“குடுத்துருவோம் சார்” என்றார் ஸ்டான்லி. “கடைசிப் போட்டி. பொண்ணு எப்படிப் பேசிட்டு!”

சிவநேசன் எழுந்து நின்றார். “நானும் கை தட்டினனான். அந்தப் பிள்ளை பேசினமாதிரி இந்த மண்டபத்தில ஒருத்தரும் பேசேல்லை. ஆனால் ஐயா, ‘வந்து சேர்ந்தாள்’, ‘வந்து படித்தாள்’ எண்டால் பின்னால ஒரு வினை இருக்கு. ‘நான் வந்து ஒரு நர்ஸ்’ எண்டால், நர்ஸ் வினையோ? ‘வந்து’ எங்க போய் முடியுது? பிறகு ‘வந்துதான்’ எண்டு அழுத்திச் சொன்னது வேறை. முதல் சொன்னது அசைதான். அது வாயில வந்தது. விளக்கம் பிறகு வந்தது.”

பதில் தேடினேன். கெட்டிக்காரத்தனமாக நாலு வழி தோன்றியது. நாலும் பட்டிமன்ற வழி. “முதல் பரிசை இரண்டாகப் பிரித்தால் என்ன?” என்றேன்.

“ஒருத்தர்தான் சார்” என்றார் ஸ்டான்லி. “முதல் போன்லயே சொன்னேன்.”

கதவு இடுக்கில் வெளியே தெரிந்தது. கமலா நாற்காலி நுனியில், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக எத்தனை பாத்திரம் கழுவும்போது, எத்தனை சட்டை இஸ்திரி போடும்போது அந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சுத்தம் செய்தாரோ. அவர் யாரிடமும் வாதாடவில்லை. ஜெனோவாவுக்கு நான் தாராளம் காட்டினால், அது கமலாவின் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும். எனக்கு ஜெனோவாவைத்தான் பிடித்திருந்தது. அதனாலேயே கூடாது என்று பட்டது.

“மணி செல்லும்” என்றேன். சொன்ன குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

மேடையேறி அறிவித்தேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கமலா என்றதும் அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், பக்கத்தில் இருந்த பெண்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது. கைதட்டல் நிஜமாகவே இருந்தது. ஆனால் அதற்கு நடுவில் எல்லாருடைய கண்ணும் ஜெனோவாவிடம் போனதையும் பார்த்தேன். அவர் கமலாவைக் கட்டிப்பிடித்து, பூ வைத்துவிட்டு, இரண்டாம் பரிசு வாங்க மேலே வந்தார். நான் பரிசுத் தட்டை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்தார்.

“சார், அது வாயிலதான் வந்துச்சு” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. “ஆனா சொன்ன பெறவு உண்மை ஆயிட்டுது.”

நான் தோற்கடித்த முதல் ஆள் அவர். ஒருவரும் நோகாத தீர்ப்பு என்று நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் தீர்ப்பே இல்லை என்று அந்த நிமிஷம் விளங்கியது.

பரிசு பெற்றவர்கள் ஒரு வார்த்தை பேசலாம் என்பது வழக்கம். ஜெனோவா மைக்கைப் பிடித்தார். சிவநேசன் இன்னும் தன் இடத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்தே பேசினார்.

“நான் வந்தேன். நர்ஸ் ஆனேன். இப்ப சரியா அண்ணே?”

“சரி பிள்ளை” என்றார் சிவநேசன்.

“அடுத்த மாசம் நான் போறேன்.”

அவ்வளவுதான். முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை அத்தனை பேரும் பதறினார்கள். “ஏய், போறேன்னு சொல்லாத!” என்று ஒரு பெண் எழுந்தே விட்டார். “நல்ல வார்த்த சொல்லு மக்ளே!” என்று எங்கிருந்தோ ஒரு குளச்சல் குரல். கமலா மேடை ஓரத்திலிருந்து, “அப்புடிச் சொல்லக்கூடாது அக்கா, போயிட்டு வாரேன்னு சொல்லுங்க” என்றார். வீட்டு வாசலைத் தாண்டுகிற எவனும் ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதில் தூத்துக்குடிக்கும் பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேற்றுமை இல்லை.

ஜெனோவா சிரித்தார். கண் நிறைந்திருந்தது. “அந்தச் சொல்லைச் சொன்னா அண்ணன் மணி அடிப்பாவளே?”

சிவநேசன் எழுந்து நின்றார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்த அந்த மனிதரின் குரல் உடைந்துபோயிருந்தது.

“அது அசை இல்லை பிள்ளை. வினை. முற்று வினை. வடிவாச் சொல்லு.”

“போயிட்டு வாறேன்” என்றார் ஜெனோவா.

“வா” என்றது மொத்த மண்டபமும்.